கண்டக்டரம்மா செய்த சாக்லேட்

இருபத்தேழு வருஷம் டவுன் பஸ் ஓட்டியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு தடவைதான் வண்டியை ரூட்டை விட்டு வெளியே கொண்டுபோனேன். எங்கள் கண்டக்டரம்மாவின் மகளுக்காக.

எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. எனக்கு மட்டும் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. பதினான்கு வருஷம் ஒரே வண்டி, ஒரே ஷிப்ட், நான் முன்னால், அவள் பின்னால். தன் பேச்சைவிட அவள் விசிலுக்குத்தான் நான் அதிகம் கட்டுப்படுகிறேன் என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். பொய் என்று சொல்ல முடியாது.

ஆள் குள்ளம். பஸ்ஸில் மேலே ஓடும் கம்பி அவள் கைக்கு எட்டாது. அதனால் எதையும் பிடிக்காமலேயே ஓடுகிற வண்டியில் நிற்கப் பழகிக்கொண்டாள். நான் எப்படித் திருப்பினாலும் இடுப்பை ஒரு சீட்டில் சாய்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தபடி இருப்பாள். குரல் மட்டும் ஆளைவிடப் பெரிசு. வீட்டுக்காரர் பிரிட்ஜ் மெக்கானிக். ஒரே பெண் குழந்தை. ஒரு இடத்தில் நிற்காமல் தத்தித் தத்தித் திரிந்ததால் சிட்டு என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது.

சிட்டுவுக்கு நாலு வயசு இருக்கும்போது நடந்தது அது. பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அன்றைக்கு வண்டியிலேயே அழைத்து வந்திருந்தாள். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்த்தி வைத்தோம். தினமும் வருகிற ஒரு அம்மா குழந்தையைக் கொஞ்சிவிட்டு, தன் பையிலிருந்த சாக்லேட்டை உடைத்துப் பாதியைக் கொடுத்தார். நல்ல மனசோடு கொடுத்ததுதான். அதற்குள்ளே கடலையை அரைத்து வைத்திருப்பது யாருக்குத் தெரியும்?

மூன்று ஸ்டாப் தாண்டியிருப்போம். உதடு அரிக்கிறது என்றாள் சிட்டு. கண்ணாடியில் பார்த்தேன். உதடு தடித்துப் போயிருந்தது. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் கண் ரெண்டும் வீங்கி மூடிக்கொண்டன. நான் கூப்பிட்ட கூப்பாட்டில் தங்கச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு காதை வைத்துக் கேட்டாள். அலறவில்லை, அழவில்லை.

"அண்ணே, மூச்சு இழுக்குது. ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

வலது பக்கம் திரும்ப வேண்டிய வண்டியை இடது பக்கம் திருப்பினேன். வண்டியில் ஐம்பது பேருக்குக் குறையாது. எங்கே போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு ஆள் மட்டும் எழுந்து வந்து படியில் தொங்கிக்கொண்டு, கையை ஆட்டி முன்னால் போகிற வண்டிகளை ஒதுக்கிவிட்டபடியே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் குறுகல், பஸ் நுழையாது. வாசலை அடைத்து நிறுத்தினேன். அவள் இறங்கி ஓடினாள். டிக்கெட் பை தோளில் ஆடிக்கொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஊசி போட்டதும் குழந்தைக்கு மூச்சு வந்துவிட்டது. குழந்தைகள் டாக்டர், வயசில் சின்னப் பெண், எங்களை நிற்க வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இந்தக் குழந்தைக்குக் கடலை, முந்திரி, பாதாம் எதுவும் ஆகாது. ஒரு துணுக்குகூடக் கூடாது. கடையில் விற்கிற சாக்லேட் பக்கமே போக வேண்டாம், ஏனென்றால் கடலை போடாத சாக்லேட்டும் கடலை ஓடிய மெஷினிலேயே ஓடியிருக்கும். ஆபத்துக்கு ஒரு ஊசி எப்போதும் கையோடு இருக்கட்டும். அன்றைக்கு டிக்கெட் பைக்குள் போன ஊசி அப்புறம் அவளை விட்டுப் பிரியவே இல்லை.

ரூட்டை விட்டு விலகியதற்கு எனக்கு டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். "குழந்தைக்கு மூச்சு நின்றுபோகும் போலிருந்தது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதிலிருந்து நாலு வருஷம் சாக்லேட் என்ற வார்த்தையே அந்த வீட்டில் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் உண்டு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பிறந்தநாள். எல்லோருக்கும் சாக்லேட் கொடுக்கும்போது சிட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவாளாம். டீச்சர் அதைப் பெருமையாக வந்து சொன்னார், உங்கள் பெண் ரொம்பப் பொறுப்பு என்று. தங்கச்சியும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டாள், அந்த நோட்டைப் பார்க்கும்வரை.

ஒருநாள் கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு பழைய கணக்கு நோட்டை நீட்டினாள். பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் சாக்லேட் படம். கலர் பென்சிலில் வரைந்து, அதன் கீழே யாருடைய பிறந்தநாள் என்று எழுதி, அதற்கும் கீழே வேறொன்று எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில், "வாயில் வைத்ததும் தானாகக் கரையுமாம்." இன்னொரு பக்கத்தில், "உள்ளே பஞ்சு மாதிரி இருக்குமாம்." அடுத்த பக்கத்தில், "பல்லில் ஒட்டிக்கொள்ளுமாம், நாக்கால் எடுக்க வேண்டுமாம்." சாப்பிட்ட பிள்ளைகளிடம் எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது.

"அண்ணே, இவ சாக்லேட்டைக் காதால சாப்பிட்டுட்டிருக்கா," என்றாள் தங்கச்சி.

நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். டீ ஆறிப்போனது. நோட்டை வாங்கி மூடிவிட்டுச் சொன்னாள், நானே செய்யப்போகிறேன் என்று. சாக்லேட்டையெல்லாம் வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டேன். இந்த பஸ்ஸையும் யாரோ ஒருத்தர் செஞ்சதுதானே என்று சொல்லிவிட்டு எழுந்து போய் விசில் ஊதினாள்.

முதலில் சாக்லேட் கட்டி வேண்டும். பேக்கரிக்காரர்கள் வாங்கி உருக்குவார்களே, செங்கல் மாதிரி இருக்கும், அது. கடை கடையாய் ஏறி ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தாள். எல்லாவற்றிலும் அதே வரிதான், கடலை வகைகள் கலந்திருக்கலாம் என்று. அப்புறம் கம்பெனிகளுக்கே போன் போட ஆரம்பித்தாள். ஷிப்ட் முடிந்ததும் டிப்போ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையில் போன், மறு கையில் பேனா. எட்டு கம்பெனியில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு லைனைக் கட் பண்ணினார்கள். ஒன்பதாவது கம்பெனியில் ஒரு அம்மா எடுத்தார். தரம் பார்க்கிற பிரிவில் இருப்பவர். முழுசாகக் கேட்டுவிட்டு, தங்களுடைய கறுப்புச் சாக்லேட் கட்டி தனிக் கட்டடத்தில் தயாராகிறது, அங்கே கடலை வகை எதுவும் நுழையாது, பாலும் சேர்ப்பதில்லை என்றார். இவளா வாய்ச்சொல்லை நம்புகிறவள்? எழுத்தில் கொடுங்கள் என்றாள். பத்து நாளில் கையெழுத்தும் முத்திரையுமாகக் கடிதம் வந்தது. அந்த அம்மாவுக்கு அன்றிலிருந்து போன் அக்கா என்று பெயர்.

கடிதத்தையும் கட்டியையும் எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள். ஆஸ்பத்திரியிலேயே, ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் தோலில் சோதித்தார்கள். அப்புறம் ஒரு அரிசி அளவு நாக்கில் வைத்தார்கள். ரெண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவும் டாக்டரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிக்க, சிட்டு மட்டும் முகத்தைச் சுளித்தாள். மருந்து மாதிரி கசக்கிறது, இதற்குத்தானா எல்லோரும் இப்படிப் பறக்கிறார்கள் என்று கேட்டாளாம்.

சுத்தமான கறுப்புச் சாக்லேட் அப்படித்தான் இருக்கும். குழந்தை நாக்குக்கு ஏற்ற இனிப்பு அதில் கிடையாது. அப்போதுதான் உலர்ந்த பழம் என்ற யோசனை வந்தது. காய்ந்த திராட்சையோ அன்னாசியோ உள்ளே இருந்தால் அந்த இனிப்பில் கசப்பு அடங்கிவிடுமே. யோசனை சரிதான், பழத்துக்கு எங்கே போவது? கடைக்காரர் முந்திரி டப்பாவுக்குள் விட்ட அதே கரண்டியைத் திராட்சை டப்பாவுக்குள்ளும் விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் வியாபாரம். தங்கச்சி திராட்சை வாங்காமல் திரும்பிவந்து வீட்டுக்காரரிடம் சொன்னாள், பழத்தை நாமே காய வைக்கணும் என்று.

மொட்டை மாடியில் காய வைத்தால் தூசி, ஈ, பக்கத்து வீட்டுக் காக்கா. அந்த மனுஷன் ரெண்டு நாள் யோசித்துவிட்டு, கடையில் செத்துக் கிடந்த ஒரு பழைய பிரிட்ஜை வீட்டுக்குத் தூக்கிவந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிக் கழுவிக் காய வைத்தார். அடியில் நாலு குண்டு பல்பு, மேலே கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கழற்றிய சின்ன பேன், பக்கத்தில் காற்று போக ஓட்டை, நடுவில் எவர்சில்வர் கம்பித் தட்டு ஆறு. கதவில் ஒரு வெப்பமானியைச் செருகினார்.

"இருபது வருஷமா பிரிட்ஜைக் குளிர வைக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க. சூடாக்கச் சொன்ன முதல் ஆளு நீதான்," என்றாராம் பெண்டாட்டியிடம்.

சாப்பிடக் கூப்பிடாத நாட்களிலும் என்னை அந்த வீட்டில் பார்க்கலாம். அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் போவேன். கதவைத் திறந்தால் அன்னாசி வாசனை முகத்தில் அடிக்கும். திராட்சையைக் கொதிநீரில் ஒரு நொடி முக்கி எடுத்துத் தோலை வெடிக்க விட்டுத் தட்டில் பரப்புவாள். ஆப்பிளைக் காகிதம் மாதிரி சீவி எலுமிச்சை நீரில் நனைத்து அடுக்குவாள். ஆரஞ்சுத் தோலைக் கசப்புப் போக மூன்று தடவை வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவைப்பாள். எதற்கும் எழுதி வைத்த முறை கிடையாது. தட்டுத் தட்டாகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான்.

அடுத்தது உருக்குகிற வேலை. அங்கேதான் எனக்குத் தொப்பை போட்டது. முதல் தடவை, கீழே கொதிக்கிற தண்ணீர், மேலே சாக்லேட் பாத்திரம். மூடியிலிருந்து ஒரே ஒரு சொட்டு நீராவி உள்ளே விழுந்தது. அத்தனையும் குழைத்த களிமண் மாதிரி இறுகிப்போனது. கெட்டது இல்லை, அழகுதான் இல்லை. டிபன் டப்பாவில் அடைத்து டிப்போவுக்குக் கொண்டுவந்தாள். நானும் நாலு டிரைவர்களும் முடித்தோம். ரெண்டாவது தடவை பளபளவென்று வந்தது. நாலாம் நாள் பார்த்தால் திராட்சையைச் சுற்றிப் பூஞ்சை. வெளியே காய்ந்த திராட்சை உள்ளே காயவில்லை. அதை யாருக்கும் கொடுக்காமல் மண்ணில் புதைத்தாள். மூன்றாவது தடவை ருசியில் குறை இல்லை, ஆனால் ஒரே நாளில் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அதுவும் எங்கள் வயிற்றுக்குத்தான். அந்த மூன்று மாதத்தில் என் காக்கிச் சட்டையில் ரெண்டு பித்தான் தெறித்தது.

வெள்ளை பூப்பது ஏன் என்று போன் அக்காவைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். எல்லாவற்றையும் மொத்தமாக உருக்கி அப்படியே ஆற விடக்கூடாது. மூன்றில் ஒரு பங்கை உருக்காமல் எடுத்து வைத்து, மீதி உருகி இறங்கியதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே ஆறவைக்க வேண்டும். வெப்பமானி கொஞ்சம் பொய் சொல்லும், உதடு சொல்லாது. ஒரு சொட்டு எடுத்துக் கீழ் உதட்டில் வைத்தால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. லேசாகக் குளிர்ந்த மாதிரி ஒரு உணர்வு வரும். அந்த நொடியில் பழத்தை முக்கி எடு.

அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். தலையில் துணி கட்டிக்கொண்டு, சாக்லேட்டுக்கு என்றே சிவப்புக் கயிறு கட்டித் தனியாக வைத்திருந்த பாத்திரத்தில் மரக்கரண்டியால் அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள், அவசரமே இல்லாமல். நாலு தடவை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். ஐந்தாவது தடவை பேசாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முள்கரண்டியை எடுத்தாள். அன்னாசித் துண்டு, ஆப்பிள், திராட்சை மூன்று மூன்றாக. முக்கினாள், எடுத்தாள், பாத்திர விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டினாள், காகிதத்தில் வைத்தாள். ஆடுகிற பஸ்ஸில் பிடிமானம் இல்லாமல் நின்று பழகியவளுக்கு ஆடாத தரையில் கை எப்படி நடுங்கும்? ஒன்றுபோல ஒன்று, நாற்பத்தெட்டு.

அரைமணியில் காய்ந்தன. ஒன்றை எடுத்து என் முன்னால் ரெண்டாக உடைத்தாள். டக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக மூன்று மாதம் உழைத்திருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று என்னை அவள் கேட்கவே இல்லை. உடைந்த விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், முதன்முதலாக வண்டியைத் தனியாக எடுத்து டிப்போவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திய அன்று என் முகத்தில் இருந்ததே, அதுதான் என்பேன்.

சிட்டுவைக் கூப்பிட்டாள். பழம் ஒவ்வொன்றையும் அவள் முன்பே சாப்பிட்டுப் பழகியவள்தான், சாக்லேட் கட்டியும் டாக்டர் பார்த்து ஒப்புக்கொண்டதுதான். ஆனாலும் ஊசி மேஜை மேல் இருந்தது. அப்பா நாற்காலியில் உட்காராமல் நின்றார். சிட்டு அன்னாசி வைத்ததை எடுத்து முகர்ந்தாள். கடித்தாள். மெல்லாமல் வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் மெதுவாக மென்று முழுங்கினாள்.

"கசக்குதாடி?" என்று கேட்டாள் தங்கச்சி.

"முதல்ல கசக்குது. அப்புறம் இல்ல," என்றாள் சிட்டு. அறைக்குள் ஓடிப் போய் அந்த நோட்டை எடுத்துவந்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, படமே வரையாமல் நேராக எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்தேன். "டக் என்று உடையும். உடனே கரையாது, கொஞ்சம் பிடிவாதம். நடுவில் அன்னாசி." யாருடைய பிறந்தநாள் என்று எழுதுகிற இடத்தில், "யாருக்கும் இல்லை. சும்மாவே" என்று இருந்தது.

தங்கச்சி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நானும் மெக்கானிக்கும் எங்கள் பங்குக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ரெண்டு மாதத்தில் சிட்டுவின் ஒன்பதாவது பிறந்தநாள். வகுப்பில் எல்லோருக்கும் இதையே கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் வீட்டில் செய்த பண்டத்துக்கு அனுமதி இல்லை. தங்கச்சி ரெண்டு டிரிப்புக்கு நடுவே, போட்டிருந்த யூனிபார்மோடு தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனாள். கண்டிப்பான அம்மா என்று பேர் எடுத்தவர். விதி விதிதான், ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்றார். கடையில் வாங்கியது என்றால் பாதுகாப்பு என்றும் சொன்னார்.

"கடையில வாங்கினதுதான்மா என் பொண்ணைக் கொல்லப் பார்த்துச்சு. நீங்க ஒரு தடவை வந்து என் அடுப்படியைப் பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் கேட்டுக்கறேன்," என்றாள் இவள்.

அந்த அம்மா வந்தார். அதுவும் எங்கள் பஸ்ஸிலேயே, டிக்கெட் எடுத்துக்கொண்டு. சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். சிவப்புக் கயிறு கட்டிய பாத்திரம் ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டார். செத்த பிரிட்ஜைத் திறந்து வெப்பமானியைப் படித்தார். போன் அக்காவின் கடிதத்தை ரெண்டு தடவை படித்தார். கடைசியில் நானும் ஒன்று முக்கிப் பார்க்கட்டுமா என்றார். முள்கரண்டியிலிருந்து ஆப்பிள் நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்து முழுகிப்போனது. அவர் சிரித்ததை அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறந்தநாளன்று சிட்டு நாற்பத்தொரு சாக்லேட்டை வகுப்பில் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கை பின்னால் இல்லை, முன்னால் நீண்டிருந்தது என்று டீச்சர் சொன்னார். அன்றைக்கு இன்னொன்றும் தெரியவந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன், அவனுக்குப் பால் சேராது. சாக்லேட் என்றால் அவனும் வேண்டாம் என்று தலையாட்டிப் பழகியவன். இது பால் போடாதது என்று சிட்டு டீச்சரிடம் சொல்ல, டீச்சர் அவன் வீட்டுக்குப் போன் போட்டு அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கொடுத்தார். மறுநாள் அந்த அம்மா எங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் இன்னொருத்தர். தலைமை ஆசிரியை விசாரித்ததில், அந்த ஒரே பள்ளிக்கூடத்தில் இப்படி ஐந்து வீடுகள் இருந்தன. தன் வீட்டில் மட்டும்தான் என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தாள் தங்கச்சி.

இதற்குள் ஒரு பெரிய பேக்கரிக்காரர் வந்து, நான் செய்து விற்கிறேன், உங்கள் போட்டோவை டப்பாவில் போடுகிறேன் என்று ஆசை காட்டினார். என் அடுப்படியில் என்ன நுழைகிறது என்று எனக்குத் தெரியும், உங்கள் பேக்கரியில் என்ன நுழைகிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அவள் ஒப்புக்கொண்டது டாக்டர் கேட்டதை மட்டும்தான். மாதத்தில் முதல் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு அறை தருகிறேன், வருகிற பெற்றோர்களுக்குச் செய்து காட்டு என்றார் அவர். அந்தச் சனிக்கிழமைகளில் டூட்டியை மாற்றி வாங்கிக்கொள்வாள். அடுப்பு, பாத்திரங்கள், கரண்டி, பழ டப்பாக்கள் எல்லாம் சாக்குப் பையில் கட்டி எங்கள் வண்டியிலேயே ஏற்றுவாள். ஏறியதும் தனக்குத் தானே டிக்கெட் கிழித்துக்கொள்வாள், டூட்டியில் இல்லையே என்று.

மெக்கானிக்கும் சும்மா இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் செத்த பிரிட்ஜைக் காயவைக்கிற பெட்டியாக மாற்றிக் கொடுத்தார். இதுவரை பத்தொன்பது. தான் ரிப்பேர் செய்து உயிர் கொடுத்த பிரிட்ஜ்களைவிட இவைதான் ரொம்ப நாள் ஓடுகின்றன என்று அவருக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் முதல் சனிக்கிழமை, வீட்டில் வேலை இல்லாத மனுஷன் எங்கே போவது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். முன் வரிசையில் ஒரு லாரி டிரைவர், என்னைவிட ரெண்டு மடங்கு உடம்பு, மடியில் நாலு வயசுப் பெண் குழந்தை. முந்தின நாள் கிளம்பி வந்திருக்கிறார். செய்து பார்க்கிறவர்கள் வாருங்கள் என்றதும் அவர்தான் முதலில் எழுந்தார். அந்தக் கைக்குள் கரண்டி குச்சி மாதிரி தெரிந்தது. நன்றாகத்தான் கலக்கிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்துவிட்டது. கண் முன்னே சாக்லேட் இறுகிக் கட்டிதட்டிப் போனது. கரண்டியை வைத்துவிட்டார். எனக்கெல்லாம் இது வராதும்மா என்றார், தலையைத் தூக்காமல்.

"போகட்டும்ண்ணே, இதை ஒதுக்கி வைங்க. எனக்கும் முதல் தடவை இப்படித்தான் ஆச்சு," என்றாள் தங்கச்சி. நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு துணியை நீட்டிவிட்டுப் புதுச் சாக்லேட்டை அடுப்பில் ஏற்றினாள். வேறொரு பாத்திரத்தில் இன்னொரு கட்டியை உருக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வேண்டுமென்றே இறுக வைத்து, அப்புறம் கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கிக் காட்டினாள். கட்டிதட்டியது நெகிழ்ந்து, மினுமினுவென்று குழம்பாக மாறியது. தண்ணீர் கொஞ்சமாய் விழுந்தால்தான் கெடும், தாராளமாக விட்டால் இப்படி ஆகும், எதுவும் வீணில்லை என்று எல்லோருக்கும் விளக்கினாள். வாழைப்பழத்தை நறுக்கி அதன் மேல் ஊற்றி வைத்தாள். அதற்குள் லாரிக்காரர் ரெண்டாவது பாத்திரத்தைச் சரியான பதத்துக்குக் கொண்டுவந்திருந்தார். உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி திரும்பித் தன் குழந்தையைப் பார்த்தார். பக்கத்தில் டாக்டர் ஊசியோடு நிற்க, அவர் முக்கிய திராட்சையை அவர் மகள் சாப்பிட்டாள். சாக்லேட் அப்பிய வாயோடு அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து சாமான் கட்டும்போது சிட்டு காலேஜிலிருந்து நேராக வந்தாள். பத்தொன்பது வயசு. அம்மாவைவிட ஒரு முழம் உயரம். மிச்சமிருந்ததை நான் எடுத்து நீட்டினேன். வேண்டாம் மாமா, எனக்குச் சாக்லேட் அவ்வளவா பிடிக்கறதில்ல என்றாள் சாதாரணமாக. சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. தங்கச்சி முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிடிக்கலைன்னு சொல்லணும்னா சாப்பிட்டுப் பார்த்திருக்கணும்லண்ணே. அவ வேணுங்கறவரைக்கும் சாப்பிட்டுட்டா," என்றாள்.

பெருமை என்பதை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் டிப்போவிலும் டீக்கடையிலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அது என் தங்கச்சி என்று. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் வந்தது. புது டிரைவர், சின்ன வயசு. மூன்று பேரும் ஏறினோம். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். பின்னால் அவள் எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டு, லாரிக்காரருக்கு அன்னாசி எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டே வந்தாள்.